நடு மெலிந்த கம்பி ஏன் நெடுநாள் உழைக்கிறது?

செட்டிநாட்டில் மலை கிடையாது. குன்றக்குடிக் குன்றையும் திருமயம் பாறையையும் விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம்தான். ஆனாலும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பையன்கள் மலைச் சைக்கிள் வாங்குகிறார்கள் என்றால் அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. தார் ரோட்டை விட்டு இறங்கியதும் இங்கே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். செம்புறாங்கல் சில்லு, சரளை, மாட்டுக்குளம்பு பதிந்து காய்ந்து கல்லாகிப்போன கண்மாய்க் கரை, தைலமரக் காட்டுக்குள் திடீரென்று ஆளை நிறுத்தும் மணல், எல்லாவற்றுக்கும் மேலே சீமைக்கருவேல முள். மலையில் படும் அடியில் பாதியாவது இந்தப் பொட்டலிலும் சக்கரத்துக்கு விழும்.

புதுச் சக்கரம் மாட்ட நினைப்பவர் இரண்டு விஷயம் கேட்பார்: கனம் கூடாது, கோட்டம் விழக் கூடாது. “ரெண்டும் ஒண்ணா வராது தம்பி” என்று சிலர் சொல்வார்கள். “கார்பன் இழை ரிம் வாங்கினா வரும்” என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே அரை உண்மை. சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று புரிந்துகொண்டால், எந்த இடத்தில் எடையைக் குறைத்தால் உறுதி கூடும், எந்த இடத்தில் குறைத்தால் நடுக்காட்டில் சைக்கிளைத் தோளில் தூக்கி வரவேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

மாட்டுவண்டிச் சக்கரத்திலிருந்து தொடங்கலாம். அதில் குடம், ஆரக்கால், வட்டை என்று எல்லாமே தடித்த மரம். வண்டிப் பாரம் குடத்தில் இறங்கும்போது, அந்த நேரத்தில் கீழே இருக்கும் ஆரக்கால் தூண் மாதிரி நின்று அமுக்கத்தைத் தாங்குகிறது. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பியை அப்படி நிறுத்திப் பாருங்கள், விரலால் அமுக்கினாலே வளைந்துவிடும். 2 மி.மீ. தடிமன் கொண்ட கம்பியால் அமுக்கத்தைத் தாங்கவே முடியாது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை இழுவிசை தாங்குவது. 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, பறக்கும் பொறிக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது இந்த வழியைத்தான் எழுதிவைத்தார்: மர ஆரக்காலுக்குப் பதிலாக முறுக்கி இழுத்துக் கட்டிய நாண். சைக்கிளுக்கு அது பின்னால்தான் வந்து சேர்ந்தது. கம்பிகளை ஹப் என்கிற நடுக்குடத்திலிருந்து நேராக வெளியே இழுக்காமல், ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து தொடுகோடாகக் கோர்க்கும் முறை 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியிடமிருந்து வந்தது. பெடல் மிதிக்கும் விசையும் டிஸ்க் பிரேக்கின் விசையும் ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போவது அந்தக் குறுக்குக் கோப்பு வழியாகத்தான்.

நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான இழுவிசையில் இருக்கும். 32 கம்பி என்றால் மொத்தம் மூன்று டன்னுக்கு மேல். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மேல்கம்பிகள் கூடுதலாக இழுபடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அளந்து பார்த்தால் மேலே மாற்றம் மிகச் சொற்பம். தரையை ஒட்டிய இரண்டு மூன்று கம்பிகளில்தான் விசேஷம், அங்கே ரிம் கொஞ்சம் உள்ளே அமுங்கி இழுவிசை குறைகிறது. ஏற்கெனவே இழுத்து வைத்ததைக் கொஞ்சம் தளர்த்துவதன் மூலமே சக்கரம் பாரத்தைத் தாங்குகிறது.

கம்பி முறிவதன் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.3 மீட்டர் போகும். 5,000 கி.மீ. ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 22 லட்சம் தடவை தளர்ந்து தளர்ந்து இறுகியிருக்கும். ஒரே அடியில் அறுந்துபோகும் கம்பி மிக அபூர்வம். ஹப்பின் விளிம்புத் தட்டில் நுழைந்து வளையும் கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டு, அது மெல்ல வளர்ந்து, ஒருநாள் ஒன்றுமில்லாத சமரோட்டில் ‘டங்’ என்று போகும். இது உலோகச் சோர்வு. இழுவிசை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சீக்கிரம் வருவதும் தள்ளிப்போவதும்.

கடையில் 14 கேஜ் என்று கேட்டால் கிடைப்பது முழுநீளமும் 2 மி.மீ. தடிமனுள்ள கம்பி. பட்டட் என்று ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8 அல்லது 1.5 மி.மீ. என்று மெலிந்திருக்கும். பார்த்தால் இதுதான் சோதாக் கம்பி என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 290 மி.மீ. நீளமுள்ள 2 மி.மீ. எஃகுக் கம்பியை 100 கிலோ அளவுக்கு இழுத்தால் அது நீள்வது அரை மி.மீட்டருக்கும் குறைவு, சுமார் 0.46. நடுவில் 1.5 மி.மீ. ஆக மெலிந்த கம்பி அதே விசைக்கு முக்கால் மி.மீ. நீளும். இப்போது ஒரு செம்புறாங்கல் மேட்டில் ஏறி ரிம் 0.2 மி.மீ. உள்ளே அமுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த கம்பி தன் இழுவிசையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். மெலிந்தது இழப்பது கால்பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஏற்ற இறக்கம் குறைந்தால் கழுத்தில் சோர்வும் குறைகிறது. விரிசல் விடும் கழுத்திலும் மரை இருக்கும் முனையிலும் 2 மி.மீ. தடிமன் அப்படியே இருப்பதால் அங்கே பலவீனமும் இல்லை. கம்பி முழுக்கத் தளர்ந்துபோகும் வாய்ப்பு குறைவதால், கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் என்ற திருகு தானாகக் கழன்று கோட்டம் விழுவதும் குறைகிறது.

ஆக, எடையைக் குறைத்ததால் ஆயுள் கூடும் இடம் இது. இரண்டு சக்கரத்துக்குமான 64 கம்பிக்கு 2/1.8 ரகம் போட்டாலே 75 கிராம் அளவுக்கு மிச்சம், 1.5 ரகம் போட்டால் இன்னும் கூடுதல். மெலிந்த கம்பியில் ஒரு தொந்தரவு உண்டு. நிப்பிளைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், கட்டுகிறவர் கொஞ்சம் கூடுதலாகத் திருகிப் பின்னால் தளர்த்தி அந்த முறுக்கை எடுக்கவேண்டும். பொறுமையில்லாதவரிடம் 1.5 கொடுக்காதீர்கள். உடம்பு கனமானவர்கள் பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக்கு 2/1.8 போட்டுக்கொள்வது நல்லது.

என்ன கம்பி போட்டாலும் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாமே ஒரே இறுக்கத்தில் இருக்கவேண்டும். ரிம் நேராகச் சுற்றுகிறது என்பது அதற்கு அத்தாட்சி ஆகாது. ஒரு கம்பியை அளவுக்கு மீறி இறுக்கி, பக்கத்துக் கம்பியைத் தளர விட்டும் ரிம்மை நேராக்கிவிடலாம். கடையில் பார்க்க ஜோராக இருக்கும், இரண்டு வாரத்தில் பழையபடி ஆடும். பழைய மெக்கானிக்குகள் கம்பியைச் சுண்டிச் சத்தம் கேட்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். கம்பியின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறும். அதாவது இழுவிசை 12 சதவீதம் மாறினால் சத்தம் ஏறக்குறைய அரைச்சுரம் நகரும். திருவிழா நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அரைச்சுர வித்தியாசம் தெரியாமல் போகாது. இழுவிசை மானி இல்லாத கடையிலும் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட ரிம்மை ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டியிருப்பார்கள், அதனால் செயின் பக்கத்துக் கம்பிகள் எப்போதும் அதிக இறுக்கமாகத்தான் இருக்கும். ஹப்பின் இரண்டு விளிம்புத் தட்டையும் அகலத் தள்ளிச் சக்கரத்தை விறைப்பாக்கத்தான் 148 மி.மீ. அகலமுள்ள பூஸ்ட் ஹப் வந்தது; இந்த ஏற்றத்தாழ்வும் அதில் கொஞ்சம் குறையும். உங்கள் ஃப்ரேம் அதை ஏற்குமானால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

எத்தனை கம்பி? 32. 28 போட்டால் நாலைந்து கம்பி எடைதான் மிச்சம், ஆனால் ஒன்று அறுந்தால் ரிம் கோணிக்கொண்டு ஃப்ரேமில் உரசும். தாத்தா காலத்துச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருந்தது நெல்மூட்டை ஏற்றத்தான். அந்தச் சைக்கிளைச் சொன்னதும் இன்னொன்று. 29 அங்குலச் சக்கரத்தைப் பெரிய புதுமை போல விற்கிறார்கள். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடந்த 28 அங்குலச் சைக்கிளுக்கு 635. கடகடத்த ரோட்டுக்குப் பெரிய சக்கரம் நல்லது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதிதான்.

அடுத்து, எல்லோரும் அடித்துச் சொல்லும் ஒரு கணக்கு: சுற்றும் எடை ஒன்றுக்கு இரண்டு. இது இயற்பியல்படி சரியே. ரிம்மில் உள்ள ஒரு கிராம் முன்னாலும் போகவேண்டும், சுற்றவும் வேண்டும். வேகம் எடுக்கும்போது அதற்கு இரட்டிப்பு ஆற்றல் ஆகிறது. ஆனால் எதில் இரட்டிப்பு? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், இரண்டு ரிம்மிலும் சேர்த்து 300 கிராம் குறைத்தாலும் வேகமெடுக்கையில் கிடைக்கும் லாபம் 0.7 சதவீதம். சீராக ஏறும் ஏற்றத்தில் அந்த இரட்டிப்பும் இல்லை. பத்து நிமிட ஏற்றத்தில் இரண்டு விநாடி மிச்சமாகும், அவ்வளவே. மணலில் மாட்டி மாட்டி எழும்பும்போதும், மரங்களுக்கிடையே வளைத்து ஓட்டும்போதும் எடை குறைந்த சக்கரம் கைக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. அந்த இதத்துக்காக ஒரு மோட்டார் சைக்கிள் விலை கொடுக்கலாமா என்பது உங்கள் பாடு.

கார்பன் ரிம்முக்கு எதிராக நான் சொல்வது இதனால்தான். ஒரே எடையில் அலுமினியத்தைவிட அது விறைப்பானது, சந்தேகமில்லை. ஆனால் கல்லில் பலமாக மோதினால் கார்பன் விரிசல் விடும், அலுமினியம் நசுங்கும். நசுங்கிய விளிம்பைப் பக்கத்துக் கடையில் நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வீடு வரலாம். விரிசல் விட்டதை வைத்துக்கொண்டு பள்ளத்தூரில் என்ன செய்வது? 450 முதல் 500 கிராம் அளவில், உள்ளகலம் 28 அல்லது 30 மி.மீ. உள்ள அலுமினிய ரிம் இந்த மண்ணுக்குப் போதும். டிஸ்க் பிரேக்குக்கென்றே செய்த ரிம்மாக இருக்கட்டும். பிரேக் கட்டை உரசும் சுவர் தேவைப்படாததால் அது அங்கேயே எடை குறைந்திருக்கும். செம்மண்ணில் கலந்த குவார்ட்ஸ் துகள் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் போல அரைக்கும் தொல்லையும் இல்லை.

டயரில் மட்டும் எடையைக் குறைக்காதீர்கள். 600 கிராம் பந்தய டயர் கருவேலங்காட்டில் ஒரு வாரம் தாங்காது. 2.3 அங்குல அகலத்தில் 800 கிராமுக்குக் குறையாத, பக்கச்சுவர் தடித்த டயர் வேண்டும். டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கினால் இங்கே இரட்டை லாபம். 200 கிராம் டியூப் போய் 100 மில்லி சீலன்ட் வருகிறது, முள் குத்திய துளையில் அந்த ரப்பர்ப்பால் கசிந்து தானே உறைந்து அடைத்துக்கொள்கிறது. முள்ளை எடுத்த கையோடு சக்கரத்தைச் சுற்றி அந்தத் துளையைக் கீழே கொண்டுவந்தால் அடைப்பு சீக்கிரம் நடக்கும். ஆனால் நம் சித்திரை வெயிலில் சீலன்ட் உள்ளேயே காய்ந்து தோலாகிவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஊற்றிக்கொள்ளவேண்டும்.

காற்றும் அப்படித்தான். காலையில் 25 பிஎஸ்ஐ அடித்து, மத்தியானம் சைக்கிளை வெயிலில் நிறுத்தி, உள்காற்று 30 டிகிரி சூடேறினால் அழுத்தம் 29 ஆகிவிடும். கல் மாதிரி இறுகிய டயர் சரளையில் பிடிக்காது, அதிர்ச்சியையெல்லாம் கம்பிக்குக் கடத்தும். வெயிலில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்தே கிளம்பலாம்.

கடைசியாக நிப்பிள். அலுமினிய நிப்பிள் போட்டால் 40 கிராமுக்கு மேல் மிச்சமாகும், அதுவும் ரிம்மிலேயே. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு குட்டி மின்கலம். அதில் கரைவது அலுமினியம். இந்த மாதிரி அரிப்பையும் ஆராய்வதற்கு, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும், 1948-இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்ச் சேற்றோடு ஓட்டி, கழுவி, காயாமல் நிறுத்தினால் மறுவருஷம் கோட்டம் எடுக்க சாவி போடும்போது நிப்பிள் திரும்பாது, உடைந்து வரும். எஃகோடு பித்தளைக்கு அவ்வளவு சண்டை இல்லை. பித்தளை நிப்பிளே போடச் சொல்லுங்கள், மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளை ஒருமுறை சுண்டிப் பார்த்து, சத்தம் இறங்கியதை மட்டும் கால் சுற்று ஏற்றிக்கொண்டால் சரி.