கழுவினால் கறுப்பு, காய்ந்தால் வெள்ளை

போன மாதம் மச்சான் தன் வேனுக்கு மெழுகு பொலிஷ் போட்டார். கல்லடியில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் காலை முழுக்க நின்று தேய்த்தார். கதவுகளில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஆனால் பம்பரிலும் கதவுக்குக் கீழே ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டியிலும், சுண்ணாம்புக் கையால் தொட்ட மாதிரி வெள்ளைத் தழும்புகள். தண்ணி அடித்தார், மறைந்துவிட்டது. வெயிலில் காய்ந்ததும் அதே இடத்தில், அதே வடிவில் திரும்ப நின்றது.

"கழுவினாப் போகுது, காஞ்சா வருது. இது என்ன மச்சான்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. தண்ணியில் மறைந்து காய்ந்ததும் திரும்புகிற ஒன்று, சுண்ணாம்பைப் போலத் தனக்கென்று வெள்ளை நிறம் கொண்டதாகப் பெரும்பாலும் இருக்காது. மெழுகை மெல்லிதாகப் பூசினால் ஏறக்குறைய ஒளி ஊடுருவும். அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

வடை சுற்றித் தந்த கடதாசியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போலாகி, பின்னால் பிடித்த விரல் தெரியும். கடதாசியின் நார்களுக்கு நிறமில்லை. நார்களுக்கு இடையே காற்று இருப்பதால், ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிப் போய், ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் சிதறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறும்போது கண்ணுக்கு வெள்ளை. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்ணை ஒளிமுறிவுச் சுட்டெண் என்பார்கள். இரண்டு பொருள்களின் சுட்டெண் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு சிதறல். காற்றுக்கு அது 1. நாருக்கு 1.5 அளவில். எண்ணெய்க்கு 1.47. எண்ணெய் காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இருந்துகொண்டால், ஒளிக்கு அங்கே எல்லையே பெரிதாகத் தெரியாது, நேரே போய்விடும்.

பம்பரிலும் இதுதான் நடக்கிறது. காய்ந்த மெழுகு வெடித்துப் பொடியாகி, துகள்களுக்கு இடையே காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சில பொலிஷ்களில் தேய்ப்பதற்கென்று சேர்த்த களிமண் போன்ற நுண்தூளும் அதோடு கலந்திருக்கும். தண்ணியின் சுட்டெண் 1.33. அது இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது. தண்ணி ஆவியானால் காற்று திரும்புகிறது, வெள்ளையும் திரும்புகிறது. மெழுகு அசையவே இல்லை.

அது ஏன் அசையவில்லை? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிறப்பூச்சுள்ள கதவு தட்டையாக, வழுவழுப்பாக இருக்கிறது. துணி போனால் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரும். பட்டியோ அப்படியில்லை. தோல் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சிலேயே மேடும் பள்ளமுமாக வார்த்திருக்கிறார்கள். துணி மேடுகளில் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மெழுகு, குண்டுமணி அளவுகூட இல்லாத சின்னக் குளமாக உறைந்து நிற்கிறது. அழுத்தித் தேய்த்தால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

மெழுகின் குணமும் சேர்ந்துகொள்கிறது. கார் மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனம், தன் இலையில் உள்ள நீர் வெயிலில் வற்றிப் போகாமல் இருக்கச் சுரக்கும் மெழுகு அது. தண்ணியை அண்ட விடாமல் இருப்பதற்கென்றே உண்டான பொருளைத் தண்ணியால் கழுவிப் போக்க நினைப்பது வீண் வேலை. உருக வேண்டுமென்றால் 82 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். பட்டியின் பிளாஸ்டிக், பெரும்பாலும் ரப்பர் கலந்த பொலிபுரொப்பிலீன். அதுவும் எண்ணெய்த் தன்மையுள்ளது, தண்ணியை விட மெழுகோடுதான் ஒட்டும்.

இங்கே பலரும் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். உடனே கறுத்துவிடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் வடைக் கடதாசிக் கதையேதான். எண்ணெய் காற்றின் இடத்தைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் காயாது என்பதால் கறுப்பு கொஞ்ச நாள் நிற்கும். அதற்குள் தூசியை இழுத்துப் பிடிக்கும். பிறகு மழையும் சவர்க்காரமும் எண்ணெயைக் கொண்டு போக, மெழுகு மிச்சம். மறைப்பது வேறு, எடுப்பது வேறு. எடுப்பதென்றால் மெழுகை இளக்கி, பள்ளத்திலிருந்து கிளப்பி, அது திரும்ப உறையுமுன் துணியில் ஏற்ற வேண்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் பழைய கதைதான்.

நான் முதலில் செய்வது சுடுதண்ணி. கை பொறுக்கிற சூட்டில் சவர்க்காரம் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் வட்ட வட்டமாகத் தேய்த்து, நுரை காயுமுன் துடைக்க வேண்டும். அந்தச் சூட்டில் கார்னோபா உருகாது, ஆனாலும் மெழுகுக் கலவை இளகும். பிரஷின் மயிர் துணி போகாத பள்ளத்துக்குள் போகும். கிளம்பிய துகளைச் சவர்க்காரம் சூழ்ந்துகொண்டு திரும்ப ஒட்டவிடாது.

அதற்கும் அசையாத இடத்துக்கு, மருமகளின் பென்சில் பெட்டியிலிருந்து ஓர் அழிரப்பர் வாங்கினேன். காய்ந்த பிளாஸ்டிக்கில் தேய்க்கும்போது ரப்பர் பிதுங்கிப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. மெழுகு அதில் ஒட்டி, இரண்டும் சேர்ந்து திரிதிரியாக உருண்டு வெளியே விழுகின்றன. பென்சில் கரியை எடுப்பதும் இப்படித்தான். சின்னத் தழும்புகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடைசியாக மண்ணெண்ணெய். எண்ணெய்ப் பொருளை எண்ணெய்ப் பொருள்தான் கரைக்கும். துணியில் சில துளி போதும். நிழலில், பிளாஸ்டிக் ஆறியிருக்கும்போது, அடுப்பும் சிகரெட்டும் கிட்ட இல்லாத இடத்தில் துடைத்து, உடனே சவர்க்காரத் தண்ணியால் கழுவுங்கள். ஊற விட்டால் பிளாஸ்டிக்கில் உள்ள ரப்பர் அதை உறிஞ்சி ஊதும். பெற்றோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி எந்தப் பொறியிலும் பற்றும். தின்னர் பக்கத்திலுள்ள நிறப்பூச்சையே கரைத்துவிடும். அடுத்த முறை பொலிஷ் போடுமுன் பட்டியின் ஓரத்தில் கடதாசி டேப் ஒட்டிவிட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை.

மச்சானின் வேனில் எல்லாத் தழும்பும் போனது. ஆனால் பம்பரின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். மெழுகென்றால் துகளாகக் கிளம்பி வரும். இங்கே ஒன்றும் வரவில்லை. அது வெயிலின் வேலை. புற ஊதாக் கதிர் பொலிபுரொப்பிலீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை வருடக்கணக்கில் அறுத்து, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கியிருக்கிறது. அந்த வெடிப்புகளுக்குள்ளும் காற்றுத்தான். அதனால் அதுவும் தண்ணி பட்டால் கறுத்து, காய்ந்தால் வெளுக்கிறது. அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பூச்சைப் பூசி மறைக்கத்தான் முடியும் என்று சொன்னேன். மச்சான் விரலை நனைத்து அந்த விளிம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அது வெளுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.