வெளிநாட்டில் ஸ்கூபா கற்கப் போகிறீர்களா? விலைக்கு முன் நாட்களைக் கேளுங்கள்

"சார், வலது காதுல தண்ணி பூந்த மாதிரியே இருக்கு. அஞ்சு நாளாச்சு, போகவே மாட்டேங்குது."

போன ஜனவரியில் என்னிடம் வந்த இளைஞர் சொன்னது இது. தாய்லாந்தின் கோ தாவ் தீவில் ஸ்கூபா, அதாவது காற்றுக்கலனைச் சுமந்து கடலுக்கடியில் நீந்தும் பயிற்சி முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். காதுக்குள் தண்ணீர் ஏதும் இல்லை. செவிப்பறை செக்கச்செவேல் என்று இருந்தது. அதற்குப் பின்னால், நடுச்செவியில், இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. பயிற்சியின் இரண்டாம் நாளே சளி பிடித்துவிட்டதாம். சொன்னபோது, மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதினால் சரியாகிவிடும் என்றிருக்கிறார் பயிற்சியாளர். மூன்றாம் நாள் மாலை தீவை விட்டுப் படகு, மறுநாள் விமானம். அன்றைக்கு இறங்காவிட்டால் கட்டிய பணம் போய்விடுமே என்று ஊதிக்கொண்டே இறங்கியிருக்கிறார். தேற ஆறு வாரமானது.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். நானும் கடலில் இறங்குகிறவன்தான், அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். குறைந்த செலவில் கற்க நினைப்பதிலும் தப்பே இல்லை. அந்த விலை எதனால் குறைந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

சில ஊர்களில் இடமே விலையைக் குறைத்துக் கொடுக்கிறது. கோ தாவ் 21 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. அதற்குள் ஏராளமான பயிற்சிப் பள்ளிகள், அதனால் கடும் போட்டி. கடல்நீர் பெரும்பாலும் 28, 29 டிகிரி. கற்றுக்கொள்ள ஆழமில்லாத விரிகுடாக்கள், படகில் சிறிது நேரப் பயணம். முதல் சான்றிதழுக்கான பயிற்சி 10,000 முதல் 12,000 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவில் கிடைக்கிறது. எகிப்தின் தஹாபில் பல இடங்களில் கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம், படகுச் செலவே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் நீர் 21, 22 டிகிரிக்கு வந்துவிடும். இவையெல்லாம் நல்ல மலிவு. இன்னொரு வகை மலிவும் இருக்கிறது: நாட்களைச் சுருக்குவது, ஒரு பயிற்சியாளரிடம் ஆட்களை அடைப்பது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

சான்றிதழ் தரும் அமைப்புகளில் பாடியா (PADI), எஸ்எஸ்ஐயா (SSI) என்று மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம். 1966-இல் தொடங்கியது ஒன்று, 1970-இல் தொடங்கியது மற்றது. இரண்டின் முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டரும் 18 மீட்டர் ஆழம் வரைக்குமானது, உலகெங்கும் செல்லும். கற்றுத்தருகிறவர் யார், அவரிடம் எத்தனை பேர் என்பதே முக்கியம். கடலில் ஒரு பயிற்சியாளருக்கு எட்டு மாணவர் வரை பாடி அமைப்பு அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு. நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று சொல்லும் பள்ளிக்கு ஆயிரம் பாட் கூடக் கொடுக்கலாம்.

காது விஷயத்துக்கு வருகிறேன். 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். அதற்குப் பிறகு அடுத்த இரட்டிப்புக்கு 30 மீட்டர் வரை போகவேண்டும். ஆகவே காதுக்கு அதிகச் சோதனை மேல்மட்டத்தில்தான், புதிதாகக் கற்கிறவர்கள் இருக்கும் அதே இடத்தில். வலிக்கும்வரை காத்திராமல் மீட்டருக்கு ஒருமுறையாவது மெதுவாக ஈக்வலைஸ் செய்யவேண்டும், அதாவது மூக்கைப் பிடித்து இலேசாக ஊதி, காதின் உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமமாக்கவேண்டும். காது திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். முக்கி ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழியலாம். அப்படிக் கிழிந்தால் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகவும் கூடும். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்கவும் பார்க்காதீர்கள். நீருக்கடியில் அதன் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும்.

பணம் கட்டுமுன் பள்ளிக்கு இதை எழுதிக் கேளுங்கள்: "எனக்குச் சளி பிடித்தாலோ காது திறக்காவிட்டாலோ மறுநாளைக்குத் தள்ளிவைப்பீர்களா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?" தள்ளிவைக்கலாம், தனிக் கட்டணம் இல்லை என்று நேராகப் பதில் வந்தால் நல்ல பள்ளி. மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள். கூடவே, கருவிகள், இணையவழிப் பாடம், சான்றிதழ் அட்டை எல்லாம் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பாதி சண்டைகள் அங்கேதான் வருகின்றன.

மருத்துவக் கேள்வித்தாளை ஊரிலேயே நிரப்புங்கள். பள்ளியிடம் கேட்டால் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, காதில் செய்த அறுவை, நுரையீரல் சுருங்கிய வரலாறு இவற்றில் எதற்காவது "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அங்கே போய் மருத்துவரைத் தேட நேரமில்லாமல் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துவிட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் பொய் எழுதி ஏமாற்றுவது பள்ளியை இல்லை, உங்கள் நுரையீரலை. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.

நீச்சலும் அப்படித்தான். 200 மீட்டர் நீந்தவேண்டும், நேரக் கட்டுப்பாடு இல்லை. பத்து நிமிடம் மிதக்கவேண்டும். உள்ளூர் நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் போய்வந்தால் போதும், வெளிநாட்டில் ஒரு நாள் வீணாகாது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் இங்கேயே முடித்துவிட்டு, கடலில் செய்யவேண்டிய நான்கு டைவ்களை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு.

காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் தனிக் காப்பீடு தருகின்றன. டைவ் செய்ததால் உடல் பாதிக்கப்பட்டு, காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை தேவைப்பட்டால் பயிற்சிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும்.

கடைசியாக நாள் கணக்கு. வந்து சேர ஒரு நாள், பயிற்சிக்கு நான்கு நாள், சளிக்கோ காற்றுக்கோ விட்டுவைக்க ஒரு நாள். பல நாள் டைவ் செய்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் 24 மணி நேரம் விடச் சொல்வேன். கோ தாவில் விமான நிலையம் கிடையாது, சும்போன், சூரத் தானி அல்லது சமூய் வரை படகில்தான் வரவேண்டும். நவம்பரில் அங்கே பெருமழைக் காலம், படகுகள் நின்றும்போகும். அந்த மாதத்தில் விலை குறைவாக இருக்கிறதென்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.