ஈஎஸ்பி32 கனெக்ட் ஆகவில்லை என்றால் எங்கே தேடுவது?

தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்க, மோட்டாரை ஆன் செய்ய என்று இப்போது பலரும் கையில் எடுப்பது, புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய குட்டிக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32 போர்டைத்தான். விலை குறைவு, வைஃபை உள்ளேயே இருக்கிறது. ஆனால் கனெக்ட் ஆகவில்லை என்றால் உடனே புரோகிராமைப் பிரித்து மேய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, இணைப்பு எந்தக் கட்டம் வரை போய் நின்றது?

வைஃபை கட்டத்தைப் போர்டே சொல்லிவிடும். இணைப்பு அறுபடும்போதெல்லாம் காரணத்துக்கு ஓர் எண் தருகிறது, அதை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் ஜன்னல்) அச்சிட்டுப் பாருங்கள். 201 என்றால் அந்தப் பெயரில் வைஃபையே தட்டுப்படவில்லை. அசல் ஈஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ஃபோன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் லேப்டாப் ஜம்மென்று இணையும், இது விழிக்கும். 15 என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு தப்பு. 200 என்றால் இணைந்த பிறகு ரவுட்டரின் குரல் கேட்காமல் போய்விட்டது, சிக்னலைக் கவனியுங்கள்.

எண்ணே வராமல் போர்டு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, நடுவில் 'பிரவுன்அவுட்' (வோல்டேஜ் போதாமல் சரிந்தது) என்று ஒரு வரி வந்தால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு கேபிளை மாற்றுங்கள். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் சிப் 240 மில்லியாம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். மெல்லிய யுஎஸ்பி கேபிளில் அப்போது வோல்டேஜ் சரிந்துவிடும், மல்டிமீட்டரோ சாவகாசமாக 3.3 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்தச் சரிவு அது பிடிக்க முடியாத அளவுக்குக் குறுகியது. தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃப் கேட்பது குறைந்தது 500 மில்லியாம்பியர் தரும் சப்ளை.

சரி, ஐபி முகவரியும் வந்துவிட்டது, பிங் செய்தாலும் (அதாவது 'இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் கேட்டாலும்) பதில் வருகிறது (பதில் நேரம் தாறுமாறாக இருந்தால் பயப்படாதீர்கள், மின்சாரத்தை மிச்சப்படுத்த ரேடியோ இடையிடையே தூங்குகிறது), ஆனால் சர்வரோடு மட்டும் பேச மறுக்கிறது. இங்கேதான் நிறைய பேர் ரவுட்டரைத் திட்டிக்கொண்டு நாளை வீணாக்குவார்கள். போர்டிடம் நேரம் என்ன என்று கேட்டீர்களா? கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி இல்லாததால், கரண்ட் கொடுத்ததும் அதன் கணக்கில் தேதி 1970 ஜனவரி 1. சர்வர் நீட்டும் பாதுகாப்புச் சான்றிதழோ இந்த வருடத்தில் வழங்கப்பட்டது. தேதியைச் சரிபார்க்கும்படி புரோகிராம் இருந்தால், இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழ் என்று போர்டு கதவைச் சாத்திவிடும். அதன் பார்வையில் அது சரிதான்! முதலில், இணையம் வழியாகச் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் நேரம் வாங்கி, தேதி மாறியதை உறுதிசெய்துவிட்டு, அப்புறம் சர்வரைத் தொடுங்கள். என்டிபி போகிற வழியான யுடிபி போர்ட் 123-ஐ அலுவலக ஃபயர்வால் அடைத்திருந்தாலும் இதே கூத்துதான்: வீட்டில் ஓடும், ஆபீஸில் ஓடாது.

எல்லாம் ஓடி, சும்மா கிடந்த பிறகு மட்டும் அறுந்தால், பேச்சில்லாத இணைப்பை ரவுட்டர் தன் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம். போர்டுக்கு அது தெரியாது, இன்னும் இணைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இம்மாதிரி போர்டுகள் சர்வரோடு செய்தி பரிமாறும் முறையான எம்க்யூடிடி-யைப் பயன்படுத்தினால், கீப்அலைவ் இடைவெளியை (வேறு பேச்சில்லாதபோது எவ்வளவு நேரத்துக்குள் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்பதை) குறைத்துப் பாருங்கள். 60 நொடி வைத்தால், போர்டிடமிருந்து எதுவும் வராதபோது சர்வர் 90 நொடி வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் இணைப்பைத் துண்டிக்கும்.