விறகு அடுக்கி வைக்கும் கிருமி

காலை பத்து மணிக்குள் சளி டப்பாக்கள் என் மேசைக்கு வந்துவிடும். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் நெருப்பு காட்டிச் சூடேற்றி, பிறகு அமிலம் விட்டுக் கழுவுவேன். மற்ற கிருமிகள் ஏற்ற சிவப்பு அமிலத்தோடு போய்விடும். காசநோய்க் கிருமியின் சிவப்பு போகாது. அதன் சுவர் மெழுகு மாதிரியான கொழுப்பால் ஆனது. உள்ளே போன சாயத்தை விடாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். கூடலூர்ப் பக்கம் இந்தக் குச்சிகளை எண்ணுகிற வேலையில் எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவருக்கு, காசநோய்க்கான ஆறு மாத மாத்திரையில் இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி சளி பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை. 'நெகட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமே அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மழைக்காலம், தோட்டத்தில் கொழுந்து நிறைய, ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. வழியில் பார்த்துக் கேட்டபோது, "இன்னும் எதுக்கு கண்ணு மாத்திரை? இருமலும் நின்னுருச்சு, உடம்பும் தேறிருச்சே" என்றார். எட்டு மாதம் கழித்து வந்த அவருடைய டப்பாவில், மைக்ரோஸ்கோப்பில் தெரியும் ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து, ஆறு குச்சிகள் இருந்தன.

நான் எழுதிய 'நெகட்டிவ்' அவர் காதில் 'குணமாகிவிட்டது' என்று விழுந்திருக்கிறது. விளக்கிச் சொல்ல எனக்கும் அன்று தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால், ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் என் கண்ணுக்குத் தப்பிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், மிச்சமிருக்கும் கிருமிகள் எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது.

மே மாதக் கடைசியில் இங்கே எந்த லைன் வீட்டுக்குப் போனாலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கும். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு, காய்ந்த கற்பூர மரக் கட்டை, மேலே ஒரு தார்ப்பாய். மழை பிடித்துவிட்டால் வெளியே போய்ப் பொறுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். காசநோய்க் கிருமியும் இதைத்தான் செய்கிறது. அது விறகாகச் சேர்ப்பது கொழுப்பு.

நுரையீரலுக்குள் போன கிருமியை நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்குகின்றன. விழுங்கியவற்றால் அதைக் கொல்ல முடியாமல் போனால், மேலும் பல செல்கள் வந்து சூழ்ந்து ஒரு கட்டியாகச் சுவர் கட்டுகின்றன. உள்ளே ஆக்ஸிஜன் குறைவு, அமிலம், நைட்ரிக் ஆக்ஸைடு என்று எல்லாமே கிருமிக்கு நெருக்கடி. உடனே அது தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. சாதாரணமாகவே ஒரு தடவை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும் சோம்பேறி அது. இப்போது பிரிவதையே நிறுத்திவிடுகிறது. தான் புகுந்திருக்கும் செல்லின் கொழுப்பை இழுத்து, தனக்குள் சின்னச் சின்னத் துளிகளாகச் சேர்க்கிறது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ட்ரைகிளிசரைடு' என்று பார்த்திருப்பீர்களே, அதே வகைக் கொழுப்புதான். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இப்படிச் சேர்க்கும் வழக்கம் கிடையாது. இதற்கென்றே தனி நொதிகள் வைத்திருக்கும் குடும்பம் இது.

2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓர் ஆய்வுக் குழு ஆக்ஸிஜன் குறைவு, அமிலம் போன்ற நெருக்கடிகளைக் கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே உண்டாக்கிப் பார்த்தது. கிருமிகள் கொழுப்பைச் சேர்த்தன. காசநோய்க்குத் தரும் முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் சாகாமல் தாக்குப்பிடித்தன. என்னை உலுக்கியது இன்னொன்று: அவற்றில் பல, அமிலத்தில் போகாத அந்தச் சிவப்பையும் இழந்திருந்தன. அப்படியென்றால், நான் நாளெல்லாம் தேடும் அடையாளத்தையே கிருமி கழற்றி வைத்துவிடக்கூடும். கொழுப்பு சேர்க்கும் முக்கியமான மரபணுவை நீக்கிய கிருமிகளால் அந்த அளவுக்கு ஒளியவோ தாங்கவோ முடியவில்லை. இதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த வேறொரு ஆய்வு, நோயாளிகள் துப்பிய சளியிலேயே கொழுப்புத் துளி சுமந்த கிருமிகள் இருப்பதைக் காட்டியிருந்தது. ஆகவே இது குடுவைக்குள் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல.

மாத்திரை ஆறு மாதம் ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஐசோனியாசிட் கிருமி தன் சுவரைக் கட்டுவதைக் கெடுக்கும் மருந்து. சுவர் கட்டாமல் சுருண்டு கிடக்கும் கிருமியிடம் அதற்கு அதிக வேலையில்லை. முதல் இரண்டு மாதத்தில் தரும் பைராசினமைடு அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும், பாதித் தூக்கத்தில் இருப்பவற்றைப் பிடிக்கும். அது சேர்ந்த பிறகுதான் ஒன்பது மாத சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. இவற்றுக்கும் தப்பியவை எப்போதாவது கண் விழிக்கும். விழிக்கிற நேரத்தில் உடம்பில் ரிஃபாம்பிசின் இருக்க வேண்டும். கடைசி நான்கு மாதம் அந்தக் காவலுக்கு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "அப்ப முட்டை, நெய்யெல்லாம் நிறுத்திடணுமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நல்லதாயிற்று. நிறுத்தவே கூடாது. கிருமி உங்கள் தட்டில் இருந்து எடுப்பதில்லை. தான் குடியிருக்கும் செல்லில் இருந்து எடுக்கிறது. பட்டினி கிடந்தால் மெலிவது நீங்கள், கிருமி அல்ல. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டில் இருந்தவர்களுக்கு மாதம் பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. சிகிச்சையில் இருப்பவருக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரில் இருந்து மாதம் 1,000 ரூபாய். அதை முட்டைக்கும் பயறுக்கும் செலவழியுங்கள்.

குளிருக்குப் பயந்து லைன் வீட்டில் ஒற்றை ஜன்னலையும் கோணிப்பை வைத்து அடைத்துவிடுகிறோம். உள்ளே ஐந்து பேர் மூச்சு. பகலில் மட்டுமாவது திறந்துவிடுங்கள். கூட இருப்பவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும்; நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது தடவை வந்த கிருமி, நல்லவேளையாக, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுவதாகவே இருந்தது. மறுபடி ஆறு மாதம், ஒருநாள் விடாமல் சாப்பிட்டார். மழை நாளில் பஸ் ஏறி வர முடியாதபோது அவருடைய மகன் வந்து மாத்திரை வாங்கிப் போவான். போன மாதம் அவரே பக்கத்து லைனில் இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். டப்பாவை நீட்டும்போது என்னை முந்திக்கொண்டு அவரே அவளுக்குச் சொன்னார்: "எச்சிலைத் துப்பிக் குடுக்காத. காலையில எழுந்ததும் வாயக் கொப்புளிச்சிட்டு, வெளியில காத்தோட்டமா நின்னு, நல்லா மூச்ச இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடு."