ஆட்கொணர்வு – சொல்லும் கடல் கடந்த சிறையும்

வீட்டை விட்டுப் போன மகளைத் தேடும் அப்பா, குண்டர் சட்டத்தில் உள்ளே இருக்கும் மகனுக்காக அலையும் அம்மா, இருவரும் உயர் நீதிமன்றத்தில் போடுவது ஆட்கொணர்வு மனு. வக்கீல்கள் வாயில் அது ‘ஹெச்.சி.பி.’, அதாவது ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்.

‘ஹேபியஸ் கார்பஸ்’ லத்தீன். ‘உடலை நீ வைத்திருக்க வேண்டும்’ என்பது நேர்ப்பொருள். இதில் ‘நீ’ யார் என்பதுதான் முக்கியம். கைதி அல்ல, அவரைப் பூட்டி வைத்திருப்பவர். ‘உன் பிடியில் இருப்பவரை என் முன்னால் நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல்’ என்று நீதிமன்றம் அவருக்கு இடும் கட்டளை இது.

தமிழில் ஆள் + கொணர்வு. ளகரம் ககரத்தின் முன் டகரமாகி ‘ஆட்கொணர்வு’ ஆகிறது. ‘ஆள்கொணர்வு’ என்று எழுத வேண்டாம். கொணர்தல் என்றால் கொண்டுவருதல். லத்தீனில் வெறும் உடல், தமிழில் ஆள். எனக்குத் தமிழ்ச்சொல்தான் ஒரு படி மேல். ‘ரிட்’டுக்கு நீதிப்பேராணை என்ற சொல் இருப்பதால், ‘ஆட்கொணர்வு நீதிப்பேராணை’ என்றே முழுதாக எழுதலாம்.

சரி, ஆளைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டால்? பழைய தந்திரம்தான். 1667-இல் இங்கிலாந்து மன்னரின் முதன்மை அமைச்சராக இருந்த கிளாரண்டன் பிரபு மீது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்றே, சட்டம் எட்டாதபடி கைதிகளைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பினார் என்பது. 1679-இல் வந்த ஹேபியஸ் கார்பஸ் சட்டம் அப்படி அனுப்புவதைத் தடை செய்தது.

அப்புறம் குவாண்டனாமோ. கியூபாவில் 1903 முதல் அமெரிக்கா குத்தகைக்கு வைத்திருக்கும் 45 சதுர மைல். இறுதி இறையாண்மை கியூபாவுக்கு, முழுக் கட்டுப்பாடு அமெரிக்காவுக்கு என்பது ஒப்பந்தம். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்று சொல்லி அமெரிக்கா பிடித்தவர்களுக்கு அங்கே சிறை. 2002 ஜனவரி 11 அன்று முதல் 20 கைதிகள் வந்து இறங்கினார்கள். ஆரஞ்சு உடை, கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, காதில் அடைப்பு, மண்டியிட்ட கால்கள், சுற்றிலும் கம்பிவலை. ‘போர்க்கைதி’ என்ற தகுதியை அரசு அவர்களுக்குத் தரவில்லை. ‘எதிரிப் போராளி’ என்றது. இடம் அமெரிக்க மண் இல்லை, ஆகவே ஆட்கொணர்வு கேட்க முடியாது என்றும் வாதாடியது.

2004-இல் ரசூல் என்ற கைதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் 2005-லும் 2006-லும் சட்டம் இயற்றி வழியை அடைத்தது. 2008 ஜூன் 12 அன்று பூமெதியன் என்ற இன்னொரு குவாண்டனாமோ கைதியின் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்த அடைப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கொடி யாருடையது என்பதை விட, நடைமுறையில் பிடி யாருடையது என்று பார்த்த தீர்ப்பு அது. மறுபடி அந்த ‘நீ’தான்.

ஆனால் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய பக்ராம் சிறைக்கு இது பொருந்தாது என்று 2010-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே போர் நடக்கிறது என்பது ஒரு காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. போர் நடக்காத நாடுகளில் பிடித்தவர்களையும் அல்லவா அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்!

குவாண்டனாமோ தீர்ப்புக்குப் பலன் இருந்தது. 2008 நவம்பரில் ஆட்கொணர்வு விசாரணை நடத்திய நீதிபதி, லக்தர் பூமெதியன் உட்பட ஐந்து பேரை விடுவிக்க உத்தரவிட்டார். ஏழு வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்த பூமெதியன், 2009 மே மாதம் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.