உரித்தெடுக்கும் உடனடிப் படம்

வவுனியாவில் என் தகப்பனார் நடத்திய ஸ்டூடியோவின் கண்ணாடி அலுமாரியில் நான்கு வில்லைகள் பொருத்திய கமரா ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரே அழுத்தலில், ஒரே தாளில் நான்கு முகங்களைப் பதிப்பது அதன் வேலை. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் வேண்டி வருகிறவர்கள் வாங்கில் அமர்ந்திருக்கும்போதே படத்தை வெட்டிக் கொடுத்துவிடலாம். பாஸ் எனும் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஊருக்குள் தங்க முடியாத அந்தப் போர்க்கால ஆண்டுகளில் அந்த இரண்டு நிமிட வேகத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. சென்ற சோளகக் காலத்தில் அதைக் கையிலெடுத்த மருமகன், "மாமா, இதுக்கு இப்ப பிலிம் கிடைக்குமோ?" என்று கேட்டான். அந்தப் பிலிம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது என்பதும் விளங்கும்.

சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒளிபட்ட வெள்ளி ஏலைட்டு (ஒளியை உணரும் வெள்ளிச் சேர்மம்) மணிகள், படத்தைத் தோன்றச்செய்யும் கரைசலான உருத்துலக்கியில் உலோக வெள்ளியாக மாறிக் கறுக்கின்றன. ஒளிபடாத மணிகளை அடுத்த கரைசல் கரைத்துக் கழுவி விடுகிறது. அவற்றால் யாருக்கும் பயனில்லை. இந்தக் கமராவுக்கு வேண்டிய உரித்தெடுக்கும் பிலிமோ அந்த வீணாகும் வெள்ளியைக் கொண்டே படத்தை ஆக்குகிறது. பிலிம் பெட்டிக்குள் ஒளிபடும் எதிர்மத்தாள் (நெகற்றிவ்), படம் விழவேண்டிய வாங்குதாள், இரண்டுக்கும் இடையே பசை அடைத்த சிறு உறை ஆகியவை இருக்கின்றன. படமெடுத்தபின் ஒடுக்கமான நாடாவை இழுத்தால் எதிர்மத்தாள் வளைந்து திரும்பி வாங்குதாளுக்கு நேரே வந்து நிற்கும். அடுத்து அகன்ற நாடாவை நிறுத்தாமல், ஒரே சீராக இழுக்கும்போது இரண்டு உருக்கு உருளைகளுக்கிடையே உறை நசுங்கி உடைந்து, காட்டுத்தேன் போலத் தடித்த பசை தாள்களுக்கிடையே மெல்லிய படலமாகப் பரவும்.

அந்தப் பசையில் உருத்துலக்கியும், அதை இயங்கவைக்கும் காரமான சோடியம் ஐதரொட்சைட்டும், வெள்ளி ஏலைட்டைக் கரைக்கும் சோடியம் தயோசல்பேற்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஒளிபட்ட மணிகள் உடனே உலோகமாகி இருந்த இடத்திலேயே வேரூன்றிவிட, ஒளிபடாதவை கரைந்து பசையைக் கடந்து எதிரே உள்ள வாங்குதாளை அடைகின்றன. அங்கே முன்கூட்டியே தூவப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத நுண்கருக்களின் மேல் அவை மீண்டும் வெள்ளியாகப் படிகின்றன. ஆகவே காட்சியில் இருண்டிருந்த இடம் வாங்குதாளிலும் இருண்டே விழுகிறது. ஒரு மில்லிமீற்றரிலும் எவ்வளவோ குறைந்த இடைவெளியில் நடக்கும் பயணம் என்பதால்தான் கோடுகள் மங்குவதில்லை. நேரம் முடிந்ததும் இரண்டையும் பிரித்தால் ஒரு கையில் படமும், மறு கையில் பசை வழியும் எதிர்மமும் இருக்கும். பசை தோலை அரிக்கும்; அதைத் தொட்டால் உடனே கைகழுவும்படி தகப்பனார் எங்களை விரட்டுவார்.

போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லாண்ட் இந்த முறையை 1947 பெப்ரவரியில் நியூயோர்க்கில் செய்துகாட்டினார். அவருடைய போலராய்டு கமரா 1948இல் பொஸ்டனில் விற்பனைக்கு வந்தது. 1963இல் வந்த வர்ணப் பிலிமில் மஞ்சள், மெஜந்தா, சயன் சாயங்கள் உருத்துலக்கி மூலக்கூறுகளுடனேயே பிணைக்கப்பட்டன. ஒளிபட்ட இடத்தில் உருத்துலக்கும் வேலையைச் செய்த மூலக்கூறு தன் சாயத்தோடு சிறைப்பட, வேலை கிடைக்காத மூலக்கூறு சாயத்தைச் சுமந்துகொண்டு வாங்குதாளுக்குப் போகிறது. எதிர்மத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்களைத் துல்லியமாகப் பூசினால்தான் இது நடக்கும். என் கணிப்பில், பின்னாளில் இதை யாரும் எளிதில் மறுபடி தொடங்க முடியாமற்போனதற்கு அந்தப் படலங்களே பெருங்காரணம்.

வேதிவினை ஆகையால் வெப்பத்துக்கு இது பணிந்தே ஆகவேண்டும். ஜப்பானிய நிறுவனமான பூஜிபிலிமின் எஃப்பி-100சி என்ற உரித்தெடுக்கும் வர்ணப் பிலிமுக்கு 25 பாகை செல்சியசில் சுமார் இரண்டு நிமிடம் வேண்டும். வன்னியின் பங்குனி, சித்திரை வெயிலில் அதைவிடச் சீக்கிரமாகவே பிரிக்கவேண்டும்; குளிரிலோ காத்திருப்பு நீளும். அதைவிடப் பெரிய எதிரி காலம். ஆண்டுகள் செல்லச் செல்ல உறையிலுள்ள பசை உலர்ந்துவிட, அது தாளின் ஓரம்வரை பரவாமல் படத்தின் மூலைகள் வெறுமையாக நிற்கின்றன. எங்கள் ஊரில் மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்த பழைய பெட்டி ஒன்றைவிடக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது நன்றாக வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உறைநிலையில் வைக்கக்கூடாது. பசையில் நீர் இருக்கிறது.

போலராய்டு நிறுவனம் 2008இல் உடனடிப் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பூஜிபிலிம் தன் கறுப்பு வெள்ளை எஃப்பி-3000பியை 2013இலும், எஃப்பி-100சியை 2016இலும் கைவிட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த போலராய்டு ஆலையைக் காப்பாற்றியவர்கள் மீட்டது உரிக்கத் தேவையில்லாத வகையை மட்டுமே. இன்று கடைகளில் கிடைக்கும் பூஜிபிலிமின் இன்ஸ்ராக்ஸ் உடனடிப் பிலிமும் அந்த வகையே. அதை இந்தக் கமராவில் போடமுடியாது. அமெரிக்காவில் நியூ55 என்ற சிறு முயற்சி பெரிய அளவுத் தாள்களைச் சில ஆண்டுகள் செய்து 2017இல் ஓய்ந்தது.

ஆகவே மருமகனுக்கு இரண்டு வழிகளைத்தான் சொல்ல முடிந்தது. ஒன்று, காலாவதியான பூஜிப் பெட்டிகளை இணையத்தில் ஏலமெடுப்பது: பத்துத் தாள்களில் எத்தனை தேறும் என்பது அவை கிடந்த இடத்தைப் பொறுத்தது, வன்னிக்கு வந்து சேரும் வழியில் கொள்கலன் வெயிலில் கிடந்தால் அதுவும் கணக்கில் சேரும். மற்றது, வியன்னாவில் சுப்பர்சென்ஸ் என்ற நிறுவனம் 2019இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கையால் செய்யத் தொடங்கிய வன் இன்ஸ்ரன்ற் என்ற உரித்தெடுக்கும் பிலிம்: பெட்டிக்கு ஒரே தாள், விலையும் அதற்கேற்றபடி. அவன் கமராவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஒற்றைத் தாளிலும் நான்கு முகம் விழுமே என்றான். அது சரிதான்.