குளம் பச்சையானால் ஒரு குச்சியை எடுங்கள்

பிசான நெல் அறுவடை முடிந்து குளங்களில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். மாசியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் ஓயாது. "மேடம், எங்க குளத்துத் தண்ணி பச்சையாக் கெடக்கு. விஷமா? மாட்டைத் தண்ணிக்கு விடலாமா, வேண்டாமா?" பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நச்சுப்பாசிப் பெருக்கத்தை ஆராய்வதுதான் என் வேலை. ஆனாலும் போனில் கேட்டால் எனக்கும் தெரியாது. ஆகவே நான் முதலில் கேட்பது இதைத்தான்: பக்கத்தில் ஒரு குச்சி இருக்கிறதா?

குச்சியைத் தண்ணீரில் விட்டுத் தூக்குங்கள். பச்சை நூல் நூலாக, ஈரத் தலைமுடி போலத் தொங்கினால் அது இழைப்பாசி. பார்க்க அசிங்கமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. பொடிப்பொடி இலையும் அடியில் வேருமாக வந்தால் அது பாசியே அல்ல, மிதக்கும் சிறு செடி. குச்சியைப் பச்சைப் பெயின்டில் முக்கி எடுத்தது போலப் பூசிக்கொண்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பெயர்தான் பாசி. உண்மையில் அது சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா.

இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை முழுக்க மேலே ஏறி வளையமாக நின்றால் சந்தேகம் வலுக்கிறது. இந்த உயிரியின் செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவைதான் அதை மேலே தூக்குகின்றன. மைக்ரோசிஸ்டிஸ் என்கிற நீலப்பச்சைப் பாசியை எங்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கூழில் கிடக்கும் ஜவ்வரிசி போல, உருண்டை உருண்டையாகத் தெரியும்.

ஆனால் இரண்டு சோதனையும் எந்த மாதிரிப் பாசி என்பதைத்தான் காட்டும், விஷத்தைக் காட்டாது. ஒரே மைக்ரோசிஸ்டிஸ் இனத்தில் விஷம் செய்யும் வகையும் உண்டு, செய்யாத வகையும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மைக்ரோசிஸ்டின் என்கிற ஈரல் நஞ்சு இருக்கிறதா என்று தனியாகத்தான் அளக்க வேண்டும். தினமும் ஆயுள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில், இந்த நஞ்சில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில், மானூர்ப் பக்கம் ஒரு குளம். ஆனி மாதம், காற்று வலுக்காத ஒரு காலை. புத்தகத்தில் உள்ளபடி நடுக்குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்தேன். தட்டை இறக்கித் தெளிவை அளந்தேன், வலையில் வடித்தேன். எல்லாம் சுத்தம். "பயப்பட ஒன்றுமில்லை" என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மறித்தார். "நீங்க எங்க போயி தண்ணி அள்ளுதிய தாயி? அந்தா கெழக்கு மூலையில போயிப் பாருங்க. ரெண்டு நாளா என் ஆடு அங்கன வாய வைக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். படிக்கட்டை ஒட்டி, விரல் கனத்துக்குப் பச்சைக் குழம்பு. மேற்கிலிருந்து வந்த லேசான காற்று, குளம் முழுக்கப் பரவிக் கிடந்ததை எல்லாம் ஒரு மூலையில் கூட்டிவிட்டிருந்தது. நம் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவது. பல குளங்களுக்குக் கரை கிழக்கில்தான். மடையும் அங்கே, குளிக்கும் படித்துறையும் அங்கே. அதாவது ஆளும் ஆடும் இறங்கும் இடத்தில்தான் பாசியும் வந்து ஒதுங்குகிறது. "அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஊருக்குள் திரும்பிப் போய் வீடு வீடாகச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில் காற்று எங்கே தள்ளுகிறது என்று பார்க்கிறேன், அப்புறம் ஆடு மேய்ப்பவரைத் தேடுகிறேன். ஒன்று மட்டும்: எல்லா ஆடும் அவர் ஆடு போல விவரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். தாகம் எடுத்தால் குடித்துவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவில் நீலப்பச்சைப் பாசி பெருகிய ஓர் ஏரித் தண்ணீரைக் குடித்துக் கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-இல் எழுதினார். இந்தத் துறையின் முதல் அறிவியல் பதிவு அதுதான். 2020-இல் போட்ஸ்வானாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் செத்ததற்கும் நீர்நிலைகளில் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய நரம்பு நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

"கொதிக்க வச்சா சரியாப் போகுமா?" என்பது அடுத்த கேள்வி. போகாது. காலராக் கிருமி சாகும், மைக்ரோசிஸ்டின் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். "மயில்துத்தம் போட்டுக் கொன்னுறலாமா?" என்று, காப்பர் சல்பேட்டைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது பாம் தீவின் கதை. 1979, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. குடிநீர் அணையில் பாசி பெருகியதென்று மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. செத்த செல்கள் உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலந்தது. சில நாட்களில் 140-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாசி உயிரோடு இருக்கும்போது நஞ்சில் பெரும்பகுதி அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால் கலக்காமல், உடைக்காமல், பாசியை முழுசாக வடித்துவிடுவதுதான் நல்லது. தாமிரபரணி மணலில் போட்ட உறைகிணறுகள் நமக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மணல் அள்ளுவது குடிநீருக்கு என்ன செய்யும் என்பதை இந்தக் கோணத்திலும் யோசிக்கலாம்.

விவசாயிகளிடம் பேசும்போது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "வேளாண்மை ஆபீசுல நீலப்பச்சைப் பாசியை வயல்ல போடச் சொல்லுதாவ. நீங்க விஷம்ங்கிய. எதை நம்ப?" இரண்டும் உண்மைதான். அசோலா என்கிற மிதவைச் செடியின் இலைக்குள் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்துக் கொடுப்பதும் இதே குடும்பம்தான். நம் நாட்டு நீலப்பச்சைப் பாசிகளை எல்லாம் தொகுத்து டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட பெரிய நூல் இன்றும் எங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்யாதவை.

பெருகுவது ஏன்? வெயில், அசையாத தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். கனடாவில் 1973-இல் ஓர் ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகப் பொங்கியது. நம் குளத்துக்கு அந்த மணிச்சத்து ஊர்ச் சாக்கடையிலிருந்தும், சோப்புத் தண்ணீரிலிருந்தும், வயலில் தேவைக்கு மேல் போட்ட டிஏபி உரத்திலிருந்தும் வருகிறது. குளத்தில் பாசியை அள்ளிக்கொண்டே சாக்கடையைத் திறந்து வைத்திருந்தால் அடுத்த மாசியிலும் எனக்குப் போன் வரும்.

உவரி, இடிந்தகரைப் பக்கமிருந்து வரும் போன்கள் வேறு மாதிரி. கடல் பச்சையாகத் தடித்திருக்கிறது, இரவில் அலை நீலமாக மின்னுகிறது என்பார்கள். அது பெரும்பாலும் நாக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் கடலுயிரி. 2019-இல் சென்னைக் கரையில் மின்னியதும், மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கியதும் அதுதான். அதனிடம் மைக்ரோசிஸ்டின் கிடையாது. ஆனால் கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன் ஒதுங்கும். செத்து ஒதுங்கிய மீனைக் கறிக்கும் கருவாட்டுக்கும் எடுக்காதீர்கள்.

குச்சியில் பெயின்ட் போல ஒட்டினால் அந்த மூலையில் குளிக்க வேண்டாம், ஆடு மாடு, நாயை விட வேண்டாம். கை பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கால்நடை தள்ளாடினால் மருத்துவரிடம் குளத்தைப் பற்றியும் சொல்லுங்கள், அவர் அதை யோசித்திருக்க மாட்டார். தண்ணீர் கொண்டு வருவதானால் கையுறை போட்டு, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, துணி சுற்றி, ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள். பைக் பெட்டியில் மதிய வெயிலில் வேகவைத்துக் கொண்டு வருவதை ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கரை, எத்தனை மணி, காற்று எங்கிருந்து என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். குளத்தின் பெயரையும் எழுதுங்கள். போன மாதம் வந்த ஒரு பாட்டிலில் "எங்க ஊர்க் குளம்" என்று மட்டும் இருந்தது.